மாரிக்கு முதல் கேம்பர் வான் கூரையைக் கழுவி ஒழுக்கு அடைக்கிறது எப்பிடி? – திருகோணமலை

உப்புவெளி_வான்:

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசிச்சுத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

என்னட்ட இருக்கிறது ஹைஏஸ் டொல்பின் வான். உள்ளுக்க கட்டில், சின்னக் குசினி, தண்ணி டேங்க் எல்லாம் வைச்சு கேம்பரா மாத்தினது. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்குப் போகும், மற்ற நேரம் எங்கட குடும்பத்துக்கு. கூரை ஃபைபர்ல செய்த உயரக் கூரை, கீழ வானின்ர பொடியோட, அதாவது உடம்போட, சேருற இடமும் பீலியும் தகரம். மேல ஒரு சோலர் பனல், நடுவில ஃபேன் வைச்ச ஒரு வென்ட்.

போன கிழமை பின்னேரம் இடியோட ஒரு மழை பெய்ததெல்லோ, அடுத்த நாள் பாக்க வென்டுக்குப் பக்கத்தில சீலிங் பலகையில தேத்தண்ணி நிறத்தில ஒரு வட்டம். ஏணி வைச்சு ஏறிப் பாத்தா, ஃபைபரைத் தடவ கையில வெள்ளைப் பவுடர் ஒட்டுது, பின் மூலையில கறுப்பாப் பாசி, பீலி ஓரத்தில அங்க இங்க பெயின்ட் கொப்புளிச்சுக் கிடக்கு. ஒரு கராஜில கேட்டன், பிரஷர் வோஷர் அடிச்சுப்போட்டு வென்டைச் சுத்தி சிலிக்கன் இழுத்துவிட்டாச் சரி, அரை நாள் வேலை எண்டினம். எனக்கு மனம் ஒப்பேல்ல. ஒக்டோபர் வந்தா மாரி தொடங்கீரும், பிறகு ஜனவரி மட்டும் கூரை வடிவாக் காயாது. அதுக்குள்ள என்னென்ன செய்யோணும், எதை முதல் செய்யோணும்?

நிலாவெளி_ரோட்:

தம்பி, நல்ல காலம் கேட்டுப்போட்டுச் செய்யப் பாக்கிறீங்கள். எங்கட ஊரில கூரையைத் தின்னுறது உப்பு. வெயிலும் மழையும் அதுக்குப் பிறகுதான். இதை விளங்கிக்கொண்டா மிச்ச வேலை எல்லாம் எந்த ஒழுங்கில வரோணும் எண்டு தானா விளங்கும்.

உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும். பகல்ல கச்சான் காத்து அடிக்கேக்க கூரையில கை வைக்கேலாது, எல்லாம் காஞ்சுபோச்சு எண்டு நினைப்பம், ஆனா இரவில பனி இறங்க அந்த உப்பு திருப்பி நனையும். திறந்த இடத்தில படிஞ்சது அடுத்த மழைக்குப் போயிரும். ஸ்க்ரூ தலை, வென்ட் ஓரம், பனல் கால், பீலி மடிப்பு, இந்த மாதிரி மழைத் தண்ணி ஓடிக் கழுவாத இடத்தில அது அப்பிடியே நிண்டுடும். கறள் தொடங்குறதும் அங்க, சீலர், அதாவது மூட்டுகளில தண்ணி போகாம இழுக்கிற பசை, விட்டுப் பிரியிறதும் அங்க. அதால சீலரைத் தொடுறதுக்கு முதல் உப்பை இறக்குங்கோ. உப்புக்கு மேல எவ்வளவு விலையான சீலர் இழுத்தாலும் அது பிடிக்காது.

கழுவுறதுக்கு காலமை வெள்ளனத் தொடங்குங்கோ, இல்லாட்டிப் பொழுதுபடேக்க. சூடான கூரையில சவுக்காரத் தண்ணி போட்டா தேய்க்க முதலே காஞ்சு கறை பிடிச்சிடும். முதல் வெறும் தண்ணி மட்டும், ஹோஸால மேல இருந்து கீழ மெதுவா நிறைய விடுங்கோ, பீலிக்குள்ள ரெண்டு பக்கத்தாலயும் ஓடவிடுங்கோ. பிறகுதான் சவுக்காரம். கார் ஷாம்பூ நல்லது, இல்லாட்டிப் பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் வாளித் தண்ணியில கலந்து மெல்லிய பிரஷ்ஷால தேயுங்கோ. லிக்விட் பழைய மெழுகை எல்லாம் எடுத்துப்போடும், நீங்கள் எப்பிடியும் திருப்பி மெழுகு பூசத்தானே போறீங்கள், பறவாயில்லை. தும்புப் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளும் கிட்டவும் கொண்டு போகவேண்டாம்.

காகத்தின்ர எச்சம் காஞ்சிருந்தா சுரண்டக்கூடாது, நனைச்ச துணியை அதுக்கு மேல கொஞ்ச நேரம் போட்டுவிட்டா தானா ஊறி வந்திடும். பாசிக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து ஃபைபருக்கு மட்டும் பூசிப் பத்து நிமிசத்தால கழுவுங்கோ, தகரத்திலயும் அலுமினியத்திலயும் படாமப் பாருங்கோ. குளோரின் பாவிக்கிற ஆக்களும் இருக்கினம், அது ரப்பர் சீலையும் ஸ்க்ரூவையும் பழுதாக்கும், நான் தொடமாட்டன்.

முக்கியமான ஒண்டு, கடற்கரைப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி உவரா இருந்தா அதால கழுவிப் பிரயோசனமில்லை. கடைசியா அலசுற தண்ணியாவது குழாய்த் தண்ணியா இருக்கோணும்.

கிண்ணியா_டிங்கர்:

நிலாவெளி நானா சொன்னதோட நான் ரெண்டு விசயம் சேக்கிறன், டிங்கர் வேலை செய்யிறவன் எண்டபடியா தினம் இதைத்தான் பாக்கிறன்.

பிரஷர் வோஷரைக் கூரையில பிடிக்க வேணாம். வாகனத்துக் கூரை மழையைத் தாங்குறதுக்குச் செய்தது, மழை மேல இருந்து விழும். பிரஷர் தண்ணி பக்கவாட்டில போய் சீலருக்குக் கீழ நுழையும், கொஞ்சமா விட்டிருந்த சீலரை முழுசா உரிச்சுவிடும், பெயின்ட் கொப்புளத்தையும் திறந்துவிடும். கழுவி முடிய எல்லாம் பளிச்செண்டு தெரியும், தண்ணி உள்ளுக்குப் போனது ஆருக்கும் தெரியாது.

சிலிக்கன். வீட்டுக் கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் பாவிக்கிற சாதாரண சிலிக்கன் வினாகிரி மணம் மணக்குமே, அது காயேக்க வாற அசிட் மணம்தான். அந்த அசிட் தகரத்தில படச் சீலருக்குக் கீழயே கறள் தொடங்கும். மேல பாத்தா வெள்ளை வடிவா இருக்கும், உரிச்சுப் பாத்தா அடியில சிவப்பு. அதோட சிலிக்கனுக்கு மேல பெயின்ட் நிக்காது, வேற சீலர் நிக்காது, புதுச் சிலிக்கனே பழைய சிலிக்கனில வடிவா ஒட்டாது. ஒருக்கா இழுத்தா பிறகு வாறவன் அதைச் சுரண்டி எடுக்கிறதுக்கே பாதி நாள் போகும். வாகனத்துக்கு பொலியூரிதேன் சீலர் வேணும், சிகாஃப்ளெக்ஸ் மாதிரி. அது காஞ்ச பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும், வான் ஓடேக்க கூரை அசையிறதுக்குத் தாக்குப்பிடிக்கும்.

ஓர்ஸ்ஹில்_வீடு:

நான் வேற மாதிரி யோசிக்கிறன். வீட்டு மொட்டைமாடிக்கு ஒழுக்கு வராம ஒரு வோட்டர்ப்ரூஃப் பெயின்ட் பூசினனாங்கள், இப்ப எத்தினை மாரி போச்சு, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, வீடும் முந்தின மாதிரிச் சூடில்லை. அதே வெள்ளைப் பெயின்டை வான் கூரை முழுக்க ரெண்டு கோட் அடிச்சா ஒழுக்கும் நிக்கும் சூடும் குறையும், ஏன் இவ்வளவு கஷ்டப்படோணும்? விலையும் அந்தளவு இல்லை.

கொட்பே_ஃபைபர்:

ஓர்ஸ்ஹில் ஐயா, வெள்ளை நிறம் சூட்டைக் குறைக்கும் எண்டது உண்மை, அதில நான் உங்களோட நிக்கிறன். ஆனா மொட்டைமாடி இருந்த இடத்தில இருக்கிற சாமான். வான் ஹபரணை ரோட்டில போகேக்க பொடி முறுகும், ஃபைபர் ஒரு அளவுக்கு விரியும் தகரம் இன்னொரு அளவுக்கு விரியும். அந்த ரெண்டும் சேருற கோட்டில முதல் நாளே அந்தப் பெயின்ட் வெடிக்கத் தொடங்கும். வெடிச்ச இடத்தால தண்ணி போனா பிறகு வெளிய வர வழியில்லை, பூச்சுக்குக் கீழ குளம் மாதிரி நிண்டுடும், எங்கயால போகுது எண்டும் கண்டுபிடிக்கேலாது. இன்னொண்டு, பவுடர் ஏறின ஃபைபருக்கு மேல எதை அடிச்சாலும் அது பவுடரோட சேந்து உரிஞ்சு வரும்.

உப்புவெளித் தம்பி, அந்த வெள்ளைப் பவுடர் என்னெண்டா ஃபைபருக்கு மேல இருக்கிற ஜெல்கோட் வெயிலில செத்துப்போனது. நான் போட் வேலை செய்யிறவன், கரையில இழுத்துவிட்ட போட்டுகளில இதைத்தான் பாக்கிறம். ஜெல்கோட் இன்னும் தடிப்பா இருந்தா பயமில்லை, ரப்பிங் கொம்பவுண்ட் போட்டுச் செத்த தோலை எடுத்து மெழுகு பூச மினுக்கம் திரும்பி வரும். உள்ளுக்க இருக்கிற கண்ணாடி நார் கோடு கோடாத் தெரிய வெளிக்கிட்டா மினுக்கிச் சரிவராது, பிறகு திருப்பி ஜெல்கோட்டோ, பிரைமர் அடிச்சுப் பொலியூரிதேன் பெயின்டோதான். தடவிப் பாருங்கோ, நார் தட்டுப்படுதா?

உப்புவெளி_வான்:

தடவிப் பாத்தன், நார் ஒண்டும் தட்டுப்படேல்ல, நல்ல காலம். ஆனா வென்டின்ர முன் மூலையில இருந்து விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை வெடிப்பு இருக்கு. ஒழுக்கு அதாலயா, இல்லாட்டி வென்ட் சீலராலயா எண்டு எப்பிடிப் பிரிச்சு அறியிறது?

ஒன்ராறியோ_ட்ரெயிலர்:

நான் மூதூர், இப்ப கனடாவில. இங்க எங்களிட்ட இழுத்துக்கொண்டு போற கேம்பிங் ட்ரெயிலர் இருக்கு. அதின்ர கூரை ரப்பர், ஈபிடிஎம் எண்டு சொல்லுவினம். வேற ட்ரெயிலர்களில டிபிஓ எண்ட பிளாஸ்டிக் ஷீட், சிலதில ஃபைபர், பழசில அலுமினியம். கூரை எது எண்டு தெரியாம கிளீனர் வாங்கக்கூடாது எண்டுதான் இங்க முதல் சொல்லித்தருவினம். ஈபிடிஎம்முக்குப் பெற்றோலியம் சேந்த கிளீனர், தோடம்பழ எண்ணெய் சேந்த கிளீனர் ரெண்டும் கூடாது, ரப்பர் வீங்கி அடிப்பலகையை விட்டு எழும்பீரும். அந்த ரப்பரும் காலம் போக உங்கட ஃபைபர் மாதிரி வெள்ளைப் பவுடர் விடும், மழைக்கு அது பக்கத்தால வடிஞ்சு வெள்ளைக் கோடு கோடா நிக்கும், அது அந்த ரப்பரின்ர குணம், பழுது எண்டு நினைக்கத் தேவையில்லை. கூரைக்கு ஏறினா பலகைத் துண்டு போட்டு அதுக்கு மேலதான் முழங்கால் வைப்பம், பாரம் ஒரு இடத்தில விழக்கூடாது.

இங்க வென்ட், குழாய் எல்லாத்தையும் சுத்தி லாப் சீலன்ட் எண்டு ஒண்டு ஊத்துவம். மட்டமான இடத்துக்குத் தானாப் பரவுற வகை, சரிவுக்கு வடியாத வகை. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஏறிப் பாக்கச் சொல்லுவினம், முக்கியமா குளிர் தொடங்க முதலும் முடிஞ்ச பிறகும், ஏனெண்டா வெடிப்புக்குள்ள போன தண்ணி உறைஞ்சு விரிஞ்சு வெடிப்பைப் பெருப்பிக்கும். உங்களுக்கு உறையிற பிரச்சினை இல்லை, அந்த இடத்தை உப்பு பிடிச்சிருக்கு. அதால இங்கத்தைய பேப்பரில கிடக்கிற நாள்க்கணக்கைப் பாக்காதேங்கோ, கடற்கரையில நிப்பாட்டி வந்த ஒவ்வொரு முறையும் அலசுறதுதான் உங்களுக்குச் சரி.

நிலாவெளி_ரோட்:

ஒழுக்கு கண்டுபிடிக்கிறது இப்பிடி. கறை தெரியிற இடம் வேற, தண்ணி போற இடம் வேற. உள்ளுக்க கூரைச் சட்டம் வழியாத் தண்ணி ஓடித்தான் பலகையில சொட்டும். சீலிங் பலகையைக் கழட்டி ஒராளை டோர்ச்சோட உள்ள இருத்துங்கோ. வெளியில நிக்கிறவர் ஹோஸை மெல்லமா விட்டு, கீழ இருக்கிற பீலியில இருந்து தொடங்கி மேல மேல வரோணும். மேல இருந்து தொடங்கினா தண்ணி எல்லா இடமும் ஓடும், எதால போனது எண்டு தெரியாது. ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்ச நேரம் நிண்டு, உள்ள இருக்கிறவர் சத்தம் போட்டா நிப்பாட்டுங்கோ.

அதுக்கு முதல் ஒரு சந்தேகத்தையும் தீருங்கோ, உள்ளுக்க சமைச்சு, வென்ட் பூட்டி, ஏசி போட்டுப் படுக்கிற ஆக்கள் எண்டா வென்ட் ஓரத்தில வேர்த்தும் தண்ணி விழும். மழை இல்லாத நாளிலயும் ஈரம் எண்டா அது வேர்வை.

குச்சவெளி_அக்கா:

என்னட்டயும் ஒரு பழைய டெலிகா வான், மேல கண்ணாடி வைச்ச சன்ரூஃப் உள்ளது. நான் சொல்ல வந்தது ரெண்டு விசயம்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் இந்தப் பக்கத்தாலதான் கரை கடந்தது. அண்டைக்கு மழை மேல இருந்து விழேல்ல, பக்கத்தால அடிச்சது. எங்கட வானுக்குத் தறப்பாள் போட்டுக் கயிறால கட்டியிருந்தது. விடிய எடுத்துப் பாத்தா கயிறுக்குக் கீழயும் தறப்பாள் மடிப்புக்குக் கீழயும் மணல் புகுந்து, காத்துக்கு அடிச்சு அடிச்சு பெயின்டை அரத்தாள் போட்டு உரைஞ்ச மாதிரி எடுத்திருந்தது. மூலைக் கண்ணியின்ர பித்தளை பட்ட இடத்தில தகரமே தெரிஞ்சது. அதுக்குப் பிறகு கூரையோட ஒட்டித் தறப்பாள் போடுறேல்ல. கம்பு நட்டு, கூரைக்கும் தறப்பாளுக்கும் இடையில காத்துப் போக இடம் விட்டுக் கட்டுறம். ஒட்டிப் போட்டா ஈரத்தையும் உப்பையும் மூடி வைக்கிறதுதான் நடக்கும்.

சன்ரூஃப் இருக்கிற ஆக்களுக்கு, அதின்ர மூலைகளில தண்ணி இறங்குற சின்னக் குழாய் இருக்கு. வேப்பம்பூவும் மணலும் போய் அடைச்சா தண்ணி நிரம்பி உள்ளுக்கதான் விழும், ஆக்கள் சீலர் போச்சு எண்டு நினைச்சு எல்லாத்தையும் கழட்டுவினம். கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்கோ, கீழ சில்லுப் பக்கத்தால வரோணும். வரேல்லையெண்டா மெல்லிய நைலோன் நூல் விட்டு எடுக்கலாம், கம்பி விட்டா குழாய் கிழியும்.

தென்னைக்குக் கீழ நிப்பாட்டாதேங்கோ எண்டு சொல்லத் தேவையில்லை. நிப்பாட்டேக்க கொஞ்சம் சரிவா நிப்பாட்டினா கூரையில தண்ணி தேங்காது.

உப்புவெளி_வான்:

அக்கா தறப்பாள் விசயம் சரியான நேரத்தில சொன்னீங்கள், நான் நீலத் தறப்பாள் வாங்க வெளிக்கிட்டனான்.

ஹோஸ் விட்டுப் பாத்தம், தங்கச்சி உள்ளுக்க இருந்தவ. பீலியில ஒண்டும் இல்லை, பனல் காலில ஒண்டும் இல்லை, வென்டின்ர முன் மூலைக்கு வர உடன சொட்டத் தொடங்கீட்டுது. வென்டைக் கழட்டினன். பழைய சீலர் பிஸ்கட் மாதிரி நொருங்குது, அடியில உப்பு வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு, வெடிப்பு ஸ்க்ரூ ஓட்டையில இருந்துதான் தொடங்கியிருக்கு. ஃபைபர் தாத்தா, இனி என்ன?

கொட்பே_ஃபைபர்:

முதல் வென்ட் ஓட்டையைச் சுத்தி ஸ்பனர் பிடியால மெல்லத் தட்டிக்கொண்டு வாங்கோ. கணீரெண்டு கேட்டா நல்லது. மொத்தமா அடங்கின சத்தம் கேட்டா உள்ளுக்க இருக்கிற பலகை ஊறிப்போச்சு, அதை வெட்டி எடுக்காம மேல மூடக்கூடாது.

நல்லா இருந்தா, வெடிப்பை அப்பிடியே பட்டி போட்டு மூடாதேங்கோ, அது நிக்காது. வெடிப்பு முடியிற நுனியில சின்ன ஓட்டை ஒண்டு போடுங்கோ, அதுக்கு அங்கால ஓடாது. பிறகு கிரைண்டரால வெடிப்பை மேல அகலமா கீழ ஒடுக்கமா திறந்து, சுத்திவர நாலு விரல் அகலத்துக்கு ஜெல்கோட்டை எடுத்துச் சொரசொரப்பாக்குங்கோ. முகமூடி கட்டாயம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. அசிற்றோன் போட்ட துணியால துடையுங்கோ, ஆனா வென்டின்ர பிளாஸ்டிக்கில அசிற்றோன் பட்டா உருகீரும், அதைத் தூர வையுங்கோ.

மட் எண்டு சொல்லுற கண்ணாடி நார் விரிப்பில துண்டு சின்னது ஒண்டு, அதைவிடப் பெரிசு ஒண்டு, இன்னும் பெரிசு ஒண்டு எண்டு வெட்டி வையுங்கோ. நாரை ஒட்டுற ரெசின் நூறு கிராமுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஒரு கிராம் தொடக்கம் ரெண்டு கிராம், எங்கட சூட்டுக்கு ஒண்டு போதும், கூடப் போட்டா கப்புக்குள்ளயே சூடாகி இறுகிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக் கலவுங்கோ, விடியக்காலமைதான் நல்லது. பிரஷ்ஷால இழுக்காமக் குத்திக் குத்தி மட் துண்டை நனைக்கோணும், காத்து முட்டை வெள்ளையாத் தெரியிற இடமெல்லாம் ரெசின் போகாத இடம். ஹார்ட்னர் கண்ணில பட்டா பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாம மூடியைத் திறக்கவேண்டாம். கடைசிக் கோட் காத்துப் பட்டா மேல பிசுபிசுப்பாவே நிக்கும், மெழுகு கலந்த டொப்கோட் பூசுங்கோ, இல்லாட்டிப் பொலித்தீன் ஒட்டி மூடிவிடுங்கோ.

பழைய ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்தையும் நிரப்பிப்போட்டுப் புதுசாத் துளைக்கோணும்.

கிண்ணியா_டிங்கர்:

வென்ட் வைக்கேக்க அதின்ர விளிம்புக்குக் கீழ பியூட்டைல் டேப், ரப்பர் மாதிரி ஒட்டுற பட்டி, சுத்திவரப் போடுங்க, ஸ்க்ரூவை ஒரேயடியா இறுக்காம எதிரெதிர் மூலையாக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, அடுத்த நாள் டேப் பதிஞ்ச பிறகு திருப்பி ஒருக்கா. வெளிய பிதுங்கினதை வெட்டிப்போட்டு ஓரத்துக்கும் ஸ்க்ரூத் தலைக்கும் பொலியூரிதேன் இழுங்க. அது ஈரத்தில காயிற சாமான், ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூண்டு நாலு மில்லிமீற்றர்தான் உள்ளுக்குக் காயும், தடிப்பா இழுத்துப்போட்டு அடுத்த நாளே ஓடவேணாம்.

பீலிக் கொப்புளம் பயப்பிட வேண்டிய இடம். பீலி மடிப்புக்குள்ள கொம்பனியில போட்ட சீலர் வெடிச்சுத்தான் உள்ளுக்க கறள் வந்திருக்கும். கொப்புளத்தை ஸ்க்ரூட்ரைவரால உடைச்சு, நல்ல தகரம் தெரியிற மட்டும் கம்பிப் பிரஷ் போடுங்க. ஓட்டை விழுந்திருந்தா வெல்டிங்தான். இல்லாட்டிக் கறள் மாத்துற மருந்து பூசிக் காயவிட்டு, எபொக்சி பிரைமர், அதுக்கு மேல தகர மூட்டுக்குப் போடுற சீம் சீலர், அதுக்கு மேல பெயின்ட். பிரைமர் இல்லாமப் பச்சைத் தகரத்தில சீலர் இழுக்கிறவங்களிட்ட வேலை குடுக்கவே வேணாம், அடுத்த வருசம் அதே இடத்தில கொப்புளம் பெரிசா வரும்.

பனல் கால் அலுமினியமும் போல்ட் ஸ்டெயின்லஸ்ஸும் எண்டா ரெண்டுக்கும் இடையில நைலோன் வொஷர் போடுங்க. உப்புத் தண்ணி பட்டா ஸ்டெயின்லஸ் அலுமினியத்தைத் தின்னும். கழட்டினா வெள்ளையாப் பொருமிப்போய் இருக்கும் பாருங்க.

ஓர்ஸ்ஹில்_வீடு:

விளக்கத்துக்கு நன்றி பிள்ளையள். பெயின்ட் வீட்டோட நிக்கட்டும். சூடு குறையிறதுக்கு வேற வழி இருக்கா?

கொட்பே_ஃபைபர்:

இருக்கு ஐயா, கொம்பவுண்ட் போட்டு மினுக்கின வெள்ளை ஜெல்கோட்டே வெயிலைத் திருப்பி அனுப்பும், ஊத்தை பிடிச்சதுதான் சூட்டை வாங்கும். மெழுகு பூசி வைச்சா உப்பும் ஊத்தையும் சும்மா தண்ணிக்கே போகும். பனலையும் அதோட துடைச்சுவிடுங்கோ, உப்புப் படிஞ்சா வெளிச்சம் குறையும், பற்றரி ஏறாது. பனலுக்குக் கீழ சேருற வேப்பிலையை எடுக்க மறக்காதேங்கோ, அதுக்குக் கீழதான் ஈரம் மாதக்கணக்கா நிக்கும்.

உப்புவெளி_வான்:

தட்டிப் பாத்தன், சத்தம் எல்லா இடமும் கணீரெண்டுதான். அப்ப இப்பிடிச் செய்யிறன்: முதல் குழாய்த் தண்ணியால அலசல், பிறகு கழுவல், ரெண்டு நாள் வெயிலில காயவிட்டு ஃபைபர் வெடிப்பு, அதுக்குப் பிறகு வென்ட், அது காய பீலியைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோறன், கடைசியாத்தான் மினுக்கி மெழுகு. மினுக்கின பிறகு சீலர் இழுத்தா மெழுகில ஒட்டாது எண்டபடியாத்தான் இந்த ஒழுங்கு, சரிதானே? கிண்ணியா நானா, பீலி வேலைக்கு வானை எத்தினை நாள் விடவேண்டி வரும்?

கிண்ணியா_டிங்கர்:

ஒழுங்கு சரி. ஓட்டை இல்லையெண்டா மூண்டு நாள் போதும், பிரைமர் காய விடோணும் எண்டதாலதான் அவ்வளவு. ஒக்டோபர் ரெண்டாம் கிழமைக்கு முதல் கொண்டு வாங்க, அதுக்குப் பிறகு ஈரத்தில பெயின்ட் அடிக்க நான் ஏற்கமாட்டன்.

கொட்பே_ஃபைபர்:

தம்பி, மட் துண்டும் ரெசினும் என்னட்ட மிச்சம் கிடக்கு, அதுக்கெண்டு முழு டின் வாங்காதேங்கோ. சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு நான் உப்புவெளிப் பக்கம் வாறன், வெயில் ஏற முதல் முடிச்சிடலாம். நீங்கள் கிரைண்டரும், முழங்காலுக்குப் போட ஒரு அகலப் பலகையும் எடுத்து வையுங்கோ.